உள்ளிருந்து பூட்டுகிற கதவு

அக்காவின் வீட்டுக்குப் போனால் கதவைத் தட்ட வேண்டும். அது கட்டாயம். நான் வருவதை ஜன்னலால் பார்த்திருப்பார், கையும் காட்டியிருப்பார். இருந்தாலும் தட்டத்தான் வேண்டும். தட்டினால் உள்ளே இருந்து குரல் வரும்.

"ஆர் அது?"

"நான்தான் அக்கா."

"கொஞ்சம் பொறு, வாறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டிலில் இருந்து கதவுக்கு மூன்று அடி தூரம்கூட இல்லை. ஏனென்றால் அக்காவின் வீடு ஒரு வான். வெள்ளைக்காரர் ஓய்வு பெற்றபின் புளோரிடாவுக்கு ஓட்டிக்கொண்டு போவார்களே, அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய மோட்டர்ஹோம், அதில் ஒன்று. அதுவும் பழையது. பக்கவாட்டில் பழுப்புக் கோடு ஒன்று ஓடும். கோடையில் சுற்றுலா போவதற்கு அல்ல, குடியிருப்பதற்கென்றே அக்கா அதை வாங்கினார். மொன்றியல் பனியிலும் அதில்தான் இருந்தார்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மொன்றியல் புறநகரான பியர்பொன்ட்ஸில் உள்ள தமிழ்ச் சனத்தில் அரைவாசிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். மற்ற அரைவாசி விசாரித்துத் தெரிந்துகொள்ளும்.

சென்ட் லோரன்டில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நானும் அக்காவும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தோம். கூடப்பிறந்தவர் அல்ல, என் அம்மாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். அகதியாக முதலில் வந்து, பிறகு தம்பியைக் கூப்பிட்டு, அவனைப் படிக்கவைத்து, கலியாணமும் கட்டிக்கொடுத்து, தான் கலியாணம் கட்ட மறந்துபோனவர்களில் ஒருவர். அவர் வானில் குடியேறிய செய்தி தொழிற்சாலைக்குத் தெரிந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் வேறு கதை இல்லை. எப்படிக் குளிப்பீர்கள், எங்கே நிறுத்துவீர்கள், பயமில்லையா என்று ஆளுக்கு ஒன்று கேட்பார்கள். எல்லாக் கேள்விக்கும் அக்காவிடம் ஒரே பதில்தான்.

"எனக்கு முழுத் திருப்தி. ஒரு குறையும் இல்லை."

குறை சொல்ல அவருக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். உணவகத்து ரொட்டியில் குறை சொல்வார், என் சேலையில் குறை சொல்வார், கோயில் ஐயரின் குரலில்கூடச் சொல்வார். வானைப் பற்றி மட்டும் ஒரு சொல் வாயால் வராது.

அதை வாங்கப்போன நாளில் நானும் கூடப் போனேன். சின்ன வயதில் வந்து சென்ட் மிஷேலில் பள்ளிக்கூடம் போனதால் எனக்குப் பிரெஞ்சு வரும். அக்காவுக்கு பொன்ஜூரும் மெர்சியும், அதற்கு மேலே கொஞ்சமும்தான். ஜூலை முதலாம் தேதி, ஊரே வீடு மாறுகிற நாள். தெருவெல்லாம் பழைய மெத்தையும் குளிர்ப்பெட்டியுமாகக் கிடந்தது. விற்கிறவர் ஒரு வயதான மனிதர். எஞ்சினைத் திறந்து காட்டினார். கூரையைக் காட்டினார். சூடாக்கி எப்படி வேலை செய்யும் என்று சொல்லத் தொடங்கினார். அக்கா அங்கே இல்லை. கதவடியில் நின்று திறக்கிறார், சாத்துகிறார், திரும்பத் திறக்கிறார்.

"அக்கா, கூரை ஒழுகுமோ எண்டு கேக்கட்டோ? சூடாக்கி பனிக்குத் தாங்குமோ?"

"அதெல்லாம் இருக்கட்டும். இந்தக் கதவு உள்ளுக்குள்ளாலை பூட்டுமோ எண்டு கேள்."

கேட்டேன். அந்த மனிதருக்கு விளங்கவில்லை, திரும்பக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு உள்ளே போய்ப் பூட்டிக் காட்டினார். அதற்குமேல் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. வாகனம் வாங்கப்போய்க் கதவு வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் அக்காவாகத்தான் இருக்கும்.

அன்று மாலையே பால் காய்ச்சினார். புதுவீட்டுக்குப் பால் காய்ச்சாமல் குடிபோகக் கூடாதாம். சின்னக் காஸ் அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். அவருடைய சிரிப்புச் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கதவில் ஏன் இவ்வளவு பைத்தியம் என்று எனக்குத் தெரிந்தது பிறகு. தம்பியின் பியர்பொன்ட்ஸ் வீட்டில் அக்காவுக்கு நிலக்கீழ் அறை. ஒரு வசந்தத்தில் ஆறு பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அறையின் கதவு ஊறிப் பெருத்துச் சாத்த முடியாமல் போய்விட்டது. தம்பி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுக் கதவு போடும்வரைக்கும் என்று ஒரு திரையைத் தொங்கவிட்டார். திரையில் பெரிய மஞ்சள் பூக்கள். புதுக் கதவு வரவே இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துபோனார்கள். அக்காவும் கேட்கவில்லை. தம்பியின் பிள்ளைகள் திரையை விலக்கிக்கொண்டு வருவார்கள். தம்பியின் மனைவி உடுப்புக் கூடையோடு வருவார். விருந்தினர் வந்தால் அவர்களுடைய பெட்டிகள் அந்த அறைக்குள் வரும். சேலை மாற்றும்போது ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டு மாற்றுவாராம். பிள்ளைகள் வளர்ந்து பல்கலைக்கழகம் போன பிறகும் அந்தப் பூக்கள் அங்கேயே தொங்கின.

"ஆரும் என்னைக் கொடுமைப்படுத்தேல்லை, பிள்ளை. ஒருத்தரும் தட்டேல்லை, அவ்வளவுதான்," என்றார்.

கோடை முழுவதும் நகரத்துக்கு வெளியே, விடுமுறைக்காரர் கூடாரம் அடிக்கிற ஒரு முகாம் திடலில் நிறுத்தியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். தெருவில் யாரோ போட்ட கதிரை ஒன்றைக் கழுவி வாசலில் வைத்திருந்தார். பிள்ளைகள் நேரே உள்ளே ஓடப் பார்த்தார்கள். மறித்துவிட்டு, தட்டச் சொன்னார். அவர்களுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. பத்துத்தரம் தட்டினார்கள். பத்துத்தரமும் "ஆர் அது?" என்று கேட்டார். அலுக்கவே இல்லை.

ஒக்டோபரில் திடலை மூடிவிட்டார்கள். கொஞ்சக் காலம் தொழிற்சாலையின் பின்புறத்தில் நிறுத்தினார். காப்புறுதிக்காரர் கேள்வி கேட்கிறார்கள் என்று மேலாளர் எழுப்பிவிட்டார். பிறகு பக்கத்துத் தெருக்கள். மொன்றியலில் பனி அள்ள வருகிற நாளில் தெருவில் வாகனம் நிற்கக் கூடாது. முதலில் செம்மஞ்சள் பலகை வைப்பார்கள். பிறகு இழுவை வண்டி சங்கு ஊதிக்கொண்டு வரும். எங்களுக்கெல்லாம் அது சும்மா ஒரு சத்தம். வேலைசெய்து கொண்டிருக்கும்போது அந்தச் சங்கு தூரத்தில் கேட்டால் அக்காவின் கை நின்றுவிடும். போத்தல்கள் அவரைத் தாண்டிப் போகும்.

"என்னோடை வந்து இருங்கோ," என்றேன். "மாசி முடியிற வரைக்குமாவது."

"உன்னட்டை இரண்டு அறைதானே. பிள்ளையளின்ரை அறையிலைதான் படுக்கவேணும்."

"அதுக்கென்ன?"

"ஒண்டுமில்லை. எனக்கு இஞ்சை முழுத் திருப்தி."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பக்கத்தில் நின்று பெட்டி அடைத்துக்கொண்டே கதைக்காமல் இருந்தேன். ஒரு மனுசி கண்முன்னாலேயே தேய்ந்துகொண்டு போகிறார், கேட்டால் திருப்தி என்கிறார். என்னதான் செய்ய முடியும்?

அந்த மார்கழியில் ஒரு நாள் தலைமயிரைக் காதளவுக்குக் கத்தரித்துக்கொண்டு வந்தார். இடுப்புவரை இருந்த மயிர். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. "வயசுபோன காலத்திலை ஒரு ஸ்டைல்," என்றார். சோற்றுப் பெட்டிக்குப் பதிலாகப் பாண் கொண்டுவரத் தொடங்கினார். சர்க்கரை வந்துவிடக் கூடாது என்று சோற்றை விட்டுவிட்டாராம். காலை வேலைக்கு எங்களுக்கெல்லாம் முன்பே வந்து கழிப்பறைப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். "எனக்கு நேரத்துக்கு வந்து பழக்கம்," என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். நான் நம்பவில்லை. நம்பாமல் என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

தை மாதம், மூச்சு விட்டால் கண்ணிமை உறைகிற ஒரு காலையில் அக்கா வேலைக்கு வரவில்லை. கைபேசியை எடுக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். வான் இரண்டு தெரு தள்ளி நின்றது. அதற்கு முன்னால் செம்மஞ்சள் பலகை. தெருமுனையில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டினேன்.

"ஆர் அது?" குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது.

"நான்தான். கெதியாத் திறவுங்கோ அக்கா."

"கொஞ்சம் பொறு, வாறன்."

பொறுத்தேன். உள்ளே ஏதோ உராய்ந்தது. இருமல் கேட்டது. நீளமான இருமல்.

"கதவு வருகுதில்லை, பிள்ளை. ஐஸ் பிடிச்சுக்கொண்டு நிக்குது," என்றார். மூச்சு வாங்கியது. "நல்ல இறுக்கமான கதவு. காத்து ஒரு பொட்டு வராது."

அந்த நேரத்திலும் கதவைப் புகழ்கிற ஒரு ஆளை என்ன செய்வது? எனக்கு அழுகை வந்தது. இழுவை வண்டி பின்னால் வந்து நின்றது. குறுக்கே போய் நின்று, உள்ளே ஆள் இருக்கிறது என்று கத்தினேன். சாரதி இறங்கி வந்து கதவை இழுத்துப் பார்த்தார். போய் இரும்புக் கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன செய்யிறாங்கள்?" என்று உள்ளே இருந்து கேட்டார்.

"உடைச்சுத் திறக்கப் போறார், அக்கா."

"வேண்டாம். உடைக்க விடாதை. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், கதவை உடைக்க விடாதை."

நான் அந்த மனிதரிடம் கெஞ்சினேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கோலை வைத்துவிட்டுத் தன் வண்டியிலிருந்து காரின் முன்கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர்க் கலனைக் கொண்டுவந்து தந்தார். உறையாத தண்ணீர் அது. கதவின் விளிம்பு முழுக்க ஊற்றினேன். ஊற்றி ஊற்றி இழுத்தோம். ஒரு வழியாகக் கதவு திறந்தது.

உள்ளே வெளியைவிடக் குளிர். பற்றரி இறங்கிச் சூடாக்கி எப்போதோ நின்றுவிட்டது. சுவரெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. மூன்று கோட்டுகளுக்குள் அக்கா, உதடு நீலமாக. நான் ஏறப்போனேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா," என்றார்.

நியூமோனியா என்று மருத்துவமனையில் சொன்னார்கள். தம்பி வந்தார். நல்ல மனிதர், அதை நான் சொல்லத்தான் வேண்டும். நடையில் நின்று குழந்தைபோல அழுதார். "நாங்கள் என்ன குறை வைச்சனாங்கள்? ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கட்டிலடியில் இருந்து திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா அவருடைய தலையைத் தடவினார். திரையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தம்பியிடம் மாட்டேன் என்று சொல்ல அக்காவுக்கு வராது. குறை சொல்லவும் வராது. பியர்பொன்ட்ஸுக்குப் போனார்.

இந்தமுறை மேல் மாடியில் அறை கொடுத்தார்கள். வெளிச்சமான அறை, கதவும் இருந்தது. ஆனால் தம்பியின் மகளுடைய கைக்குழந்தையின் தொட்டிலும் அங்கேதான் இருந்தது. கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், இன்னும் இடம் கிடைக்கவில்லை. பகலில் தாயும் வேலைக்குப் போய்விட, குழந்தை அக்காவோடு. நான் பார்க்கப் போயிருந்தபோது தம்பியின் மனைவி படியடியில் நின்று மேலே பார்த்துச் சொன்னார்.

"மச்சாள், கதவைச் சாத்தாதேங்கோ. பிள்ளை அழுதால் கீழை கேக்க வேணும்."

வான் வீட்டுக்கு முன்னால், கார் நிறுத்தும் வெள்ளைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் பனிக்குள் நின்றது. குழந்தை தாயோடு இருக்கும் நேரங்களில் அக்கா அங்கே போய்விடுவார். நானும் போய்த் தட்டுவேன்.

"சித்திரைக்குப் பேந்து திடல் திறந்திடும்," என்பார். "வெளிக்கிட்டிடுவன். கூரையையும் ஒருக்காப் பாக்க வேணும்."

அதை நம்பித்தான் அவர் தேறினார் என்று நினைக்கிறேன். ஆனால் பங்குனியிலேயே, இப்படி ஒரு வாகனம் முன்வாசலில் நிற்கக் கூடாது என்று நகரசபை சொல்லிவிட்டது. தம்பி விளம்பரம் போட்டார். அக்காவிடம் கேட்டுத்தான் போட்டார். அக்கா "ஓம்" என்றார். அந்த "ஓம்" எனக்குத் தெரிந்தவரை அவர் வாழ்க்கை முழுவதும் சொன்ன "ஓம்".

வாங்குகிறவர்கள் வருகிற சனிக்கிழமை அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "வாங்கின அண்டைக்கு நீதானே கதைச்சனீ. இண்டைக்கும் நீயே வந்து கதை."

இளம் சோடி ஒன்று வந்தது. பெண்ணுக்கு ஏழெட்டு மாத வயிறு இருக்கும் என்று முதலில் நினைத்தேன், பிறகு பார்த்தால் தடித்த கோட்டு. பனி உருகி வாசலெல்லாம் சேறு. தம்பி நல்ல பிரெஞ்சில் வானைப் புகழ்ந்தார். அக்கா என் கையைப் பிடித்தார்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு, பிள்ளை. ஒண்டும் விடாதை."

பிறகு தொடங்கினார்.

"கூரை இரண்டு இடத்திலை ஒழுகும். சட்டி வைக்கோணும். சோறு காய்ச்சினால் ஆவி மேலை போய்த் தண்ணியாக் கொட்டும், படுக்கை நனையும். அதாலை நான் சோறு காய்ச்சிறதை விட்டிட்டன்."

நான் சொன்னேன்.

"தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சுப்போச்சு. கழிப்பறை வேலை செய்யாது. விடிய வேலைக்கு ஓடிப்போய்த்தான் கால் கழுவிறது. மெத்தைக்குக் கீழை பூஞ்சணம். சுவரிலை ஐஸ் பிடிக்கும். ஒரு நாள் நித்திரையாலை எழும்பேக்கை என்ரை தலைமயிர் சுவரோடை ஒட்டி உறைஞ்சு போச்சு. இழுத்தால் வருகுதில்லை. கத்தரிக்கோலாலை வெட்டிப்போட்டுத்தான் எழும்பினனான்."

"அக்கா, காணும்," என்றார் தம்பி. இதெல்லாம் அவருக்கும் இப்போதுதான் தெரிகிறது.

அக்கா நிறுத்தவில்லை. ஒன்பது மாதமாக ஒரு குறையும் சொல்லாத வாய், ஒன்று விடாமல் சொன்னது. எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. தம்பியிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அதனால் வாங்க வந்தவர்களைத் துரத்துகிறார். தன் வீட்டைக் காப்பாற்றுவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அதில் தான் பட்ட பாடு முழுவதையும் வெளியே எடுத்துப் போடுவது. நானும் கடவுளே, இவர்கள் போய்விட வேண்டும் என்று மன்றாடிக்கொண்டே ஒவ்வொரு குறையையும் அழுத்தி அழுத்திச் சொன்னேன்.

இருவரும் கொஞ்சம் தள்ளிப்போய்க் கதைத்தார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பையனின் முகம் மலர்ந்திருந்தது.

இதுவரை பார்த்த எல்லாரும் தங்களுக்குப் பொய் சொன்னார்கள் என்றான். உண்மை சொன்ன முதல் ஆள் இந்த அம்மாதான். தன் தகப்பனிடம் பெரிய கொட்டகை இருக்கிறது, எல்லாவற்றையும் பிரித்துத் திருத்திக்கொள்வோம். நாங்கள் எடுக்கிறோம்.

அக்கா என் வாயைப் பார்த்தார். நான் சொல்லாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது.

அந்தப் பெண் அக்காவுக்குக் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டாள். இவ்வளவும் பட்டிருக்கிறீர்களே, இதை எடுத்ததற்காக வருத்தப்பட்டீர்களா?

நான் தமிழில் சொன்னேன். அக்கா வானைப் பார்த்தார். பழுப்புக் கோட்டை, மடிப்புப் படியை, கதவைப் பார்த்தார்.

"எனக்கு முழுத் திருப்தி எண்டு சொல்லு," என்றார்.

சொன்னேன். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி வானின் திறப்பைக் கேட்டுக் கையை நீட்டினார். கதவுக்கு ஒரு பக்குவம் இருக்கிறது, கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் உள்ளே பூட்டும், காட்டிவிட்டுத் தருகிறேன் என்றார் அக்கா. சப்பாத்தைக் கழற்றிப் படியில் வைத்தார். உள்ளே போனார். கதவைத் தூக்கிச் சாத்தினார். பூட்டு விழுகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அந்தப் பெண் தலையாட்டினாள், விளங்கியது என்று. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறக்கவில்லை. ஜன்னல் திரை அசையவில்லை. மேல்மாடியில் குழந்தை அழத் தொடங்கியது. தம்பி போய்க் கைபிடியை இழுத்தார். "அக்கா," என்றார். திரும்பவும் இழுத்தார்.

"அண்ணை," என்றேன். "தட்டுங்கோ."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை மடக்கி, மெல்ல, இரண்டு தரம் தட்டினார்.

"ஆர் அது?"

தம்பி நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் அக்கா."

"கொஞ்சம் பொறு. வாறன்."

மூன்று அடி தூரம்தான். சேற்றுக்குள் நின்று நாங்கள் நாலு பேரும் பொறுத்தோம்.